தகப்பன் பெயரை வெட்டாதே

கிள்ளான் நகரில் வலேரியின் குரலுக்குப் பயப்படாத நாய் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் காது கேட்காது.

நம்மவர் பெயருக்கு நடுவே, இன்னாரின் மகன், மகள் என்று மலாயில் குறிக்க வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சாய்கோட்டைக் கண்டால் கணினிகள் மிரண்டு, தகப்பன் பெயரையே விழுங்கிவிடும். வலேரியும் பாதி ஆயுளை வெறும் வலேரியாகவே கழித்தவள். அதைத் தடுக்க ஒரு சிறு மென்பொருள் எழுதினாள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; உரிமத்தில் அவளே சேர்த்த நிபந்தனை ஒன்றுதான்: தகப்பன் பெயரை வெட்டக்கூடாது.

முகவர்களுக்குக் கொடுக்கும் செயலியில் அதைச் சேர்க்க ஒரு காப்புறுதி நிறுவனம் விரும்பியது. அதன் வக்கீல் ஐவன், பிரிக்பீல்ட்ஸ் பகுதி உணவகம் ஒன்றில் அவளைச் சந்தித்தார்.

“அந்த வரிய எடுத்துருங்க சிஸ்டர். சொந்தமா எழுதுன லைசன்ஸ எங்க ஆளுங்க தொடமாட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச அப்பாச்சி லைசன்ஸ் போடுங்க லா.”

“போடுறேன் அண்ணே. ஆனா அதுல, என் கோப்ப மாத்தி வெளிய கொடுத்தா, மாத்தினோம்னு அதுலயே எழுதணும்தானே?”

“ஆமா. அது எங்களுக்கு ஓகே.”

“அப்ப நிபந்தனைய லைசன்ஸ்லேருந்து எடுத்து மென்பொருளுக்குள்ள வச்சிடுறேன். பேர வெட்டினா அது ஓடாது. அந்தக் கோப்புக்குப் பேரே ‘தகப்பன் பேர வெட்டாதே’. ஓட வைக்கணும்னா, ‘இத மாத்தினது நாங்கதான்’னு அதுல எழுதிட்டு மாத்துங்க.”

ஐவன் தேத்தாரேக் தேநீரைக் கீழே வைத்தார். அப்படி எழுத எந்த வக்கீலுக்குக் கை வரும்?

இப்போது அந்த நிறுவனத்தின் காப்புறுதி அட்டைகளில், தகப்பன் பெயரும் சேர்ந்த நீளமான பெயர்கள் இரண்டாம் வரிக்கு இறங்குகின்றன. அட்டையின் அழகு கெடுகிறதாம்.

“கெடட்டும்” என்கிறாள் வலேரி ஏ/பி கொர்னேலியஸ்.