சத்தியம் செய்யாத செயலாளர்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைக்கும் நாட்களில் நான் அமெரிக்காவுக்குப் போய்விடுவேன். மணவாள நகரில் விடியற்காலையில் ஏறினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்து சேர ஒன்றரை மணி நேரம். காதில் இயர்போன், அதில் யாரோ ஒரு பேராசிரியரின் அமெரிக்க வரலாற்று வகுப்பு. பெரியபாளையம் தாண்டும்போது வயலின் மேல் பனி படுத்திருக்கும். என் கண்ணும் பாதி மூடும். அப்போது பஸ்ஸில் இருப்பவர்கள் மெல்ல மாறத் தொடங்குவார்கள். நீல யூனிபார்ம்கள் முழங்கால் வரை நீண்டு கோட்டுகளாகும். தலைகளில் வெள்ளைப் பொய்முடி முளைக்கும். கொளுத்தும் கோடையில், பேச்சு வெளியே கசியக்கூடாது என்று ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி அவர்கள் ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அதில் ஒரு விஷயத்தின் மேல் தீராத மயக்கம். கடவுளை நம்பியவர்கள்தான் அதில் பெரும்பாலானவர்கள். சிலர் தேவாலயத்துக்குப் போனார்கள், சிலர் அரை மனதோடு போனார்கள். ஆனால் எழுதி முடித்த சட்டத்தில் யாரும் கடவுளிடம் அதிகாரம் வாங்கவில்லை. மக்களிடம் வாங்கினார்கள். பதவிக்கு வருகிறவரிடம் மதத்தை வைத்துப் பரீட்சை நடத்தக்கூடாது என்றும் எழுதினார்கள். கவரைப்பேட்டையில் பஸ் குலுங்கி நிற்கும்போது கோட்டுகள் மறுபடியும் யூனிபார்ம் ஆகிவிடும். பக்கத்து இருக்கை அக்கா என் தோளைத் தட்டுவார்.

"இன்னாமா, இன்னிக்கும் அமெரிக்காவா? வாய பொளந்துகினு தூங்குற. கொசு விசா இல்லாம உள்ள போவுது."

கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் தரப் பரிசோதனையில் பயிற்சியில் இருந்தேன். அக்கா பட்டை அறுக்கும் மெஷினில் பதினோரு வருஷம். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் இன்று எங்கள் பாய்லர் நிற்கிறது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவார். என் அப்பாவுக்குத் திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வேலை. நாங்கள் இரண்டு பேரும் மதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதேயில்லை. என் டப்பாவில் இருக்கும் புளியோதரையைப் பற்றி மட்டும் அக்கா நிறையப் பேசுவார்.

போன வருஷம் எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு அக்காவைச் செயலாளராகக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தோம். பெண்கள் பலர் அவருக்குக் கை தூக்கியதற்குக் காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களைக் கம்பெனி பஸ் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து லாரிகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. பஸ்ஸை ஊருக்குள் விடவைப்பேன் என்று அக்கா சொல்லியிருந்தார். அவருக்கு அடுத்தபடி ஓட்டு வாங்கியவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

தடையாக வந்தது ஒரு வழக்கம். கேட் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் மாடம் இருக்கிறது. சங்கத்தில் பதவிக்கு வருகிறவர் அங்கே கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அக்கா மாட்டேன் என்றார்.

"கற்பூரம் அடிக்காத ஆளு நாளைக்கு மேனேஜரோட சேந்துகினா யாரு கேக்கறது?" என்றார் சங்கத் தலைவர். கிரேன் ஓட்டுகிற அண்ணன் அவர். கெட்டவர் இல்லை. உள்ளங்கையில் தழும்பு வாங்கிக்கொண்டு அந்தப் பதவிக்கு வந்தவர்.

பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஒருவர் அக்காவின் சபையிலேயே மூப்பர். அவர் ஒரு வழி சொன்னார். "நம்ம பொண்ணு பைபிள் மேல கை வக்கட்டும். அமெரிக்காவுல ஜனாதிபதியே அப்பிடித்தான் பதவி ஏத்துக்கறாரு. நான் டிவில பாத்தேன்."

அக்கா அதற்கும் மாட்டேன் என்றார். அதோடு இரண்டு பக்கமும் அவருக்கு எதிராகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் சத்தியம் செய்யாவிட்டால் பதவி அடுத்தவருக்கு என்று முடிவாயிற்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரலாறு என் பஸ்ஸில் ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நானே ஒரு விதி எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். சங்கப் பதவிக்குச் சாமி பேரில் சத்தியம் தேவையில்லை, எந்த மதச் சடங்கும் நிபந்தனை ஆகாது. இரண்டே பத்தி. பஸ்ஸில் எழுதி, மணவாள நகர் டிடிபி கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ஐம்பது பிரதி எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து எல்லோரும் சைக்கிள் ஷெட்டில் கூடினார்கள். பிரதிகளைக் கொடுத்துவிட்டு மூச்சு விடாமல் பேசினேன். பேசும்போதே தகரக் கூரை உயர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. நான் நிறுத்தியதும் கிரேன் அண்ணன் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"சாமியே வேணாம்னு எழுதிக்கீறியே, மேல பிள்ளையார் சுழி கீதே. அவருக்கு மட்டும் இன்னா தனி பாஸா?"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. ஐம்பது பிரதியிலும் உச்சியில், நடுவில், சுழி. கல்யாணப் பத்திரிகையானாலும் வாடகை ஒப்பந்தமானாலும் டிடிபிக்காரர் அதைப் போடாமல் ஆரம்பிக்கமாட்டார். மூப்பர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு நியாயம் பண்றேன்னு சொல்லிகினு இதுல கையெழுத்து வாங்கப் பாத்தியா?" என்றார்.

"நாங்க பெருமாள கும்புடறவங்க, எங்க ஊட்ல சுழி போடற வழக்கமே இல்ல" என்றேன். நான் கெடுத்துவிட்டேன், அக்காவின் பதவி என் அவசரத்தால் போயிற்று என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது.

எதையாவது பேசியாக வேண்டுமே என்று தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்க அரசியல் சட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. உள்ளே சாமி பேரே வராது. கடைசியில் தேதி போட்ட இடத்தில் மட்டும் 'நம் ஆண்டவரின் வருஷம்' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பத்திரம் எழுதும் வழக்கம் அது. அதைக் காட்டி, தங்கள் நாடு கிறிஸ்தவ நாடு என்று அங்கே சிலர் இன்றும் வாதாடுகிறார்கள். வெறும் வழக்கம் என்று சிலர் மறுக்கிறார்கள். பைபிள் மேல் கை வைப்பதும் அங்கே பழக்கம்தான், சட்டம் அதைக் கேட்கவில்லை.

"அப்ப சத்தியமே வேணாமா அங்க?" என்றார் கிரேன் அண்ணன்.

"வேணும். சத்தியம் பண்ணலாம், இல்ல சும்மா உறுதி சொல்லலாம். ரெண்டும் எழுதிக்கீது."

"சாமி இல்லாதவங்களுக்காவா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. எத்தனையோ காலைகளில் கேட்டுத் தூங்கிய வகுப்பு. சத்தியமே செய்யமாட்டோம் என்று சிறைக்குப் போன கிறிஸ்தவர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். பக்தி குறைந்ததால் மறுத்தவர்கள் இல்லை, பக்தியால் மறுத்தவர்கள். 'உறுதி' என்ற அந்த இரண்டாவது சொல் அவர்களுக்கும் வழிவிட்டது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளில் ஏன் மாட்டேன் என்கிறார் என்று நான் ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை.

அக்கா எழுந்தார். மூப்பரைப் பார்த்துத்தான் பேசினார். "ஐயா, நீங்கதான ஞாயித்துக்கெழம படிச்சீங்க. வானத்து மேலயும் சத்தியம் பண்ணாத, பூமி மேலயும் பண்ணாத, ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு. நான் அத கேட்டுகினுதான் இருந்தேன். நீங்க இன்னா, படிச்சிட்டு மறந்துட்டீங்களா?"

மூப்பர் தன் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சுழி இருந்தா இருந்துட்டுப் போவுது. டிடிபிக்காரன் கை அது. என் வாய் இல்ல" என்றார் அக்கா. பிறகு கிரேன் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீ கற்பூரம் அடிச்ச. உன் பேச்ச நான் நம்புறேன். நான் அடிக்கல. நீ நம்புறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

நெடுஞ்சாலை இரைச்சல் தூரத்தில் கடல்போல் கேட்டது. மாலை வெயில் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கி, ஆட்களின் தோளிலும் தலையிலும் சின்னச் சின்ன வட்டங்களாக நின்றது.

அண்ணன் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். "ரெண்டும் எழுதிக்கோ" என்றார் என்னிடம். "அடிக்கறவன் அடிக்கட்டும். சொல்றவங்க சொல்லட்டும்."

அக்கா நடுவில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தார், விட்டார், கடைசியில் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்காவ பேசுவேன். உங்களுக்குத் தெரியாம எதுலயும் கையெழுத்து போடமாட்டேன்."

பின்வரிசையில் யாரோ, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்" என்றார் அக்கா.