மூடிய வானத்தில் ஏழு மீன்

'தகடூர் வானம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. முப்பத்தோரு பேர். பாதிப் பேர் காலை வணக்கம் போடுவதோடு சரி, மீதிப் பேர்தான் நிஜமாகவே வானம் பார்ப்பவர்கள். மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் எழிலரசி ஆரம்பித்த குழு அது. வத்தல்மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் இன்னாசிக்கு, மேலே எத்தனை குளிர் என்று தினமும் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. இண்டூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் மாதவராஜுக்கு அங்கே பெயரே 'ஏழு'.

குளிர்காலம் வந்தால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு அவரவர் வாசலில் நின்று கார்த்திகை மீன்கூட்டத்தை எண்ணி, எத்தனை தெரிகிறது என்று போட வேண்டும். நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும். கண்ணாடி போட்டவர்கள் நாலு, ஐந்து என்று வெட்கத்தோடு போடுவார்கள். மாதவராஜ் மட்டும் ஏழு. முதல் வருஷம் யாரும் நம்பவில்லை. எழிலரசி, ஏழையும் வரைந்து அனுப்பச் சொன்னாள். அவன் புள்ளி வைத்து அனுப்பினான். நட்சத்திரப் படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து அவன் 'ஏழு'.

அந்தக் கண் சும்மா வந்ததில்லை. பதினேழு வயதில் தக்காளி லோடு ஏற்றும் லாரிக்கு கிளீனராகப் போனவன். ஓசூர் தாண்டி லாரி நிற்கும் இடங்களில் தார்ப்பாய் மேல் மல்லாந்து படுத்து வானத்தைக் கற்றுக்கொண்டான். பிறகு டிரைவர். கல்யாணத்துக்குப் பின் ஊரோடு இருக்கலாம் என்று பள்ளிக்கூட வேன். பதினோரு வருஷம், வேனில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளையை அனுப்புகிற தாய்மார்கள் அவன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அத்தனை நம்பிக்கை.

இந்த நம்பிக்கைதான் ஒரு வருஷமாக அவனுக்குப் பாரமாகிக்கொண்டிருந்தது.

போன மார்கழியில் கார்த்திகைக் கூட்டம் அவனுக்கு நாலாகத் தெரிந்தது. பனி என்று நினைத்தான். தையில் ஒரு வெள்ளைத் தீற்றல். இந்த வருஷம் குளிர் தொடங்கியபோது அதுவும் இல்லை. தென்னை மரத்துக்கு மேலே, இந்த நேரத்துக்கு, இந்த இடத்தில் இருக்கும் என்று மனசுக்குத் தெரியும். கண்ணுக்கு வெறும் கறுப்பு. இருந்தாலும் தினமும் வாசலில் நின்று, தலையைத் தூக்கி, குழுவில் 'ஏழு' என்று போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைப்பவனுக்கு அது பூசணிக்காயாகவா தெரியும்?

அந்த நோவுக்குப் பெயர் அவனுக்குத் தெரியும். மாலைக்கண். அவன் தாய்மாமன் மாயவனுக்கு இருந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் மாமன் சுவரைத் தடவித்தான் வீட்டுக்குள் வருவார். ஐம்பது வயதில் உச்சிவெயிலிலும் தடவினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார், எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று மாதவராஜுக்கு பயம். அதனால் போகவில்லை. போன வாரம் ஏரிக்கரை மேல் பிள்ளைகளை விடப் போகும்போது மணி ஆறுதான். யாரோ அலறினார்கள். சைக்கிளில் வந்த ஒரு பெரியவரின் மூட்டையைப் பக்கத்துக் கண்ணாடி உரசிக்கொண்டு போயிருந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. அவன் வீடு வரும்வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழி இரண்டாம் நாள். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை. மதியத்தோடு பள்ளி விட்டது. சாப்பிட்டுப் படுத்தவன் அசந்து தூங்கிவிட்டான். எழுந்தபோது மணி ஏழு அடித்துக்கொண்டிருந்தது. அவசரமாக வாசலுக்குப் போய்த் தலையைத் தூக்கினான். வழக்கமான கறுப்பு. 'ஏழு' என்று போட்டுவிட்டு உள்ளே வந்து டீ கேட்டான்.

டீ வருவதற்குள் போன் துள்ளத் தொடங்கியது. கடலில் ஏதோ தாழ்வு மண்டலமாம். ஐந்து மணியிலிருந்து தர்மபுரி ஜில்லா முழுக்க மேகம் போர்வை மாதிரி மூடிக்கிடந்தது. அரூர்க்காரர் 'ஒண்ணும் தெரீல' என்று போட்டிருந்தார். பென்னாகரத்துக்காரரும் அதேதான். நடுவில் இவனுடைய ஏழு.

இன்னாசி குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார். "யோவ் ஏழு! இங்க மலை மேலயே மேகம் இடிக்குது, ஸ்வெட்டர் போட்டும் பல்லு தந்தி அடிக்குது. நீ எந்த ஏணி போட்டுய்யா மேல போயி எண்ணுன?"

குழுவே சிரித்தது. மாதவராஜும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு, 'சும்மா தமாசுங்க' என்று எழுதினான்.

சிரிக்காதவள் எழிலரசி ஒருத்திதான். தனியாகப் போன் போட்டாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. கடைசியா எப்பங்க நெசமா ஏழு பாத்தீங்க?"

"என்னம்மா கேள்வி இது? தமாசுன்னு சொன்னனே."

"வானம் மூடுனதே உங்களுக்குத் தெரீலீங்களாண்ணா?"

அவன் போனை வைத்துவிட்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்கு வழியே பயமாகிவிட்டது.

மனைவி கலைமதி டீயைக் கையில் கொடுக்காமல், அவன் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தாள். எத்தனை நாளாக இப்படி வைக்கிறாள் என்று அப்போதுதான் யோசித்தான். வீட்டில் பல்பெல்லாம் பெரிதாக மாறியிருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

"காலையில பனி கொட்டும்னு சொல்றாங்க. லீவு போட்டுடறீங்களா?" என்றாள்.

"பரீட்சை நடக்குது. லீவு எப்படிப் போடறது?"

அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவன் ஒருவனுடைய ரகசியமாக இருந்தவரை அது பொய்யாகப் போக ஒரு வாய்ப்பாவது இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வேன் கிளம்பியது. ஊர் முழுக்க வெள்ளை. லைட்டைப் போட்டால் வெளிச்சம் சுவரில் அடித்த மாதிரி திரும்பி வந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்தாள் சென்னம்மாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுடையது. முதல் இரண்டு நிறுத்தத்தில் ஒன்பது பிள்ளைகள் ஏறினார்கள். பாதை அவன் கைக்குத் தெரியும். மேடு எங்கே, பாலம் எங்கே என்று ஸ்டீயரிங்கே சொல்லும். ஆனால் ரோட்டில் நிற்கிற உயிரை ஸ்டீயரிங் சொல்லாதே.

மூன்றாவது நிறுத்தம் புளியமரத்தடி. சுகுணா தன் ஒன்றாம் வகுப்பு மகளோடு அங்கேதான் நிற்பாள். மரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இல்லை, வந்துவிட்டதா? அவன் நடுரோட்டிலேயே பிரேக்கை மிதித்தான்.

"ஏனுங்க இங்கியே நிறுத்திட்டீங்க?" என்றாள் சென்னம்மாள்.

"பாப்பாவைக் காணமே."

"அதோ நிக்குதுங்களே. செவப்பு ஸ்வெட்டரு."

"எங்க?"

"வண்டிக்கு முன்னாலதாங்க. ரெண்டு எட்டு தூரம்."

அவன் கண்ணாடியில் மூக்கு படும்வரை முன்னே குனிந்தான். வெள்ளைதான் இருந்தது. சென்னம்மாளுக்கு அறுபது வயது. அவளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் போய் இப்போது காலையும் போக ஆரம்பித்துவிட்டது. மாமனுக்கு நடந்தது போலவே. இன்னும் ரெண்டு எட்டு வண்டி போயிருந்தால்? என்ஜினை அணைத்தான். அணைத்த பிறகும் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

போனை எடுத்துப் பள்ளிக்கூட வண்டிகளைக் கவனிக்கும் கோவிந்தனை அழைத்தான். இதற்குள் சுகுணா மகளோடு டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கே வந்துவிட்டாள், வண்டி ஏன் நின்றது என்று பார்க்க.

"சார், மாதவராஜுங்க. வண்டியைப் புளியமரத்துக்கிட்ட நிறுத்திட்டனுங்க. வேற டிரைவரை அனுப்புங்க. எனக்குக் கண்ணு தெரீலீங்க."

கோவிந்தன் சிரித்தார். "யோவ், யாருக்குத்தான்யா தெரியுது? என் பைக்கே எனக்குத் தெரீல. லைட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா வா. பரீட்சை ஒன்பதரைக்குத்தான். பனி வெலகட்டும், ஒண்ணும் அவசரமில்லை."

'சரிங்க' என்று ஒரு சொல் போதும். போனை வைத்துவிடலாம். எட்டரைக்கு வெயில் வரும், வண்டி ஓடும், நாளைக்கும் ஓடும். போன மார்கழியிலும் பனி என்று சொல்லிக்கொண்டுதானே தப்பித்தான்! இன்றைக்கு அவன் உண்மையைச் சொல்லியும் பனியே வந்து காப்பாற்றுகிறது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த வேகத்தைப் பார்த்து அவனே திகைத்தான்.

"பனி இல்லீங்க சார்," என்றான். "கண்ணேதான். மாலைக்கண்ணு."

பின்னால் பிள்ளைகளின் பேச்சு நின்றுபோனது. பிறகு கோவிந்தன் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"போன மார்கழியிலிருந்துங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்ற சுகுணா மகளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.