சாரத்தில் அடி, பாரிஸில் போலீஸ்

இங்கே வீட்டுக்குள் சத்தமாகப் பேசினாலே பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன ஞாயிறு மதியம் பாரிஸ் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கே இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் என் கணவரை வெளியே அழைத்துப் போனார். கூட வந்த பெண் போலீஸ் தணிந்த குரலில், "மதாம், இவர் உங்களை அடிக்கிறாரா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. என் தங்கை" என்றேன்.

"தங்கை அடித்தாளா? எங்கே இருக்கிறாள்?"

"பொந்திஷேரியில். அடி வாங்குவது அவள்தான்."

கொஞ்ச நேரத்துக்கு முன் தங்கை ஸ்டெல்லா போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் புருஷன் அறைந்தான். போன் கீழே விழுந்தும் அணையவில்லை. "விடுடா அவள" என்று நான் இங்கிருந்து அலறியது இந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கிறது. புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஸ்டெல்லா கத்தும்போது அங்கே டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அங்கிருந்தவரை அடுத்த வீட்டுச் சத்தத்துக்கு நானும் அப்படித்தான் செய்தேன்.

"அங்கே பக்கத்து வீட்டில் யாரும் இல்லையா?" என்று அந்தப் பெண் போலீஸ் கேட்டார். அவர்கள் போனதும் சாரத்தில் ஸ்டெல்லாவின் எதிர்வீட்டு மெஹருன்னிசா அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"புருசன் பொண்டாட்டி விசயம்மா. நாங்க எப்படிப் போறது?"

"சத்தம் கேக்குதாக்கா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

"உங்க வீட்டு அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. சண்டையப் பத்திக் கேக்க வேணாம். ஸ்டெல்லாகிட்ட ஒரு வேலை இருக்குன்னு கூப்பிடுங்க, போதும்."

போனை அணைக்காமலே போனார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினார். பிறகு ஸ்டெல்லா பேசினாள்.

"ஏன்கா ஊரக் கூட்டுற? இன்னிக்கு இவங்க வீட்டுல படுத்துக்கிறேன். நாளைக்கு?"

"இங்க வந்துடு."

"புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. நீ அங்க உக்காந்துக்கிட்டுப் பேசுற."

திங்கட்கிழமை அவள் திரும்பிப் போய்விட்டாள். பெண்கள் உதவி எண்ணை அனுப்பினேன். அவன் போனைப் பார்ப்பான் என்று அழித்துவிட்டாள். அந்த எண்ணை இப்போது மெஹருன்னிசா அக்கா வைத்திருக்கிறார். சத்தம் கேட்டால் போய்த் தட்டுகிறார். தட்டினால் அன்றைக்கு அடி நிற்கிறது. அதற்கு மேல் எதுவும் மாறவில்லை.

இதை எழுதும்போது மெஹருன்னிசா அக்கா வீட்டு வாசலிலிருந்து வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் சாரம் இருட்டிவிட்டது; ஸ்டெல்லா வீட்டுக் கதவு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இங்கே இன்னும் வெயில். என் பிள்ளைகள் பிரெஞ்சில் பேசிச் சிரித்து விளையாடுகிறார்கள். நான் அவர்களை வாயைப் பொத்தச் சொல்லிவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.