வாக்ஸ் போடவில்லை என்றவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் பாலிஷ். நேரில் மாமா, முதுகுக்குப் பின்னால் பாலிஷ். ஒருநாளும் வாய் தவறி மாற்றிக் கூப்பிட்டதில்லை. என் பொறுமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். என் பால்கனிக்கு நேர் கீழேதான் அவர் கார் நிற்கும். அதனால் மனுஷனின் வாழ்க்கையை நான் பெரும்பாலும் மேலிருந்தே பார்த்தேன்: ஒரு வழுக்கைத் தலை, ஒரு கருநீலக் கூரை. இரண்டில் எது அதிகமாக மின்னுகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். சகலையைக் கிண்டல் செய்ய அவருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பாலிஷுக்கு வேலை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். இடிபட்டு வரும் கார்களைச் சுற்றிவந்து பார்த்து, சேதம் எவ்வளவு, சொல்லும் காரணம் நிஜமா என்று எழுதிக் கொடுப்பார். ஊரில் கார் வைத்திருப்பவன் அத்தனை பேரும் புளுகன் என்பது அவர் முடிவு. "நிறுத்தி வெச்சிருந்தேன் சார், யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்கம்பான். கிட்டப் போய் நின்னா போதும், இவனே தூண்ல முட்டியிருக்கான்னு தெரிஞ்சிரும். என்கிட்டயேவா?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். பகல் முழுக்க நசுங்கின தகரத்தைப் பார்க்கிற மனுஷன் சொந்தக் கார் வாங்கினால் என்ன செய்வார்? பூட்டி வைப்பார். கார் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு அவர் போவது பஸ்ஸில்.

ஞாயிற்றுக்கிழமை காலை அபிஷேகம். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. கழுவித் துடைத்தபின் வாக்ஸ் டப்பா வெளியே வரும். பானெட்டுக்கு ஒரு துணி, கதவுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. வட்டம் வட்டமாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து எடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அக்காவை அப்படி ஒருநாள் அவர் பார்த்து நான் கண்டதில்லை. அந்தத் துணிகளைத் துவைப்பது யார்? அக்காதான். ஒருமுறை சக்கரத் துணியையும் பானெட் துணியையும் ஒன்றாக ஊறவைத்துவிட்டாள் என்று அன்றைக்கு அவர் அவளோடு பேசவேயில்லை. பேசாமல் இருந்தது நல்லதாகத்தான் போயிற்று, அது வேறு விஷயம்.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள். குழந்தை அழ ஆரம்பிக்குமுன் பஞ்சு வைத்து முடித்திருப்பாள். பையன் பிறந்ததும் வேலையை விட்டாள். பையன் வளர்ந்து வெளியூரில் படிக்கப் போய்விட்டான். அவள் கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தாள். எடுத்து என்ன? "புது பெயிண்ட், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் பாலிஷ். பிறகு "இது மழைக்காலம்" என்றார். பிறகு வெயில்காலம் வந்தது, அதற்கும் ஏதோ சொன்னார். கை மறந்துவிடக் கூடாது என்று அக்கா மாதம் ஒருமுறை டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், அவர்கள் காரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவாள். வாசலில் சொந்தக் கார் நிற்கிறது! எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் அவளுடைய பழைய மேலாளர் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையில் புதிய நிலையம் திறக்கிறார்கள். பொறுப்பாளராக அக்கா வர வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும்போதே கதவு திறந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. "வண்டி இருக்குல்ல உங்ககிட்ட?" என்று மேலாளர் கேட்க, "இருக்கு சார்" என்றிருக்கிறாள் அக்கா. சொல்லிவிட்டு நேராக மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "இது போச்சுன்னா எனக்கு இனிமே எதுவும் வராதுடி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலிஷ் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்வதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டுமே. "பெயிண்ட் மேல ஃபிலிம் ஒட்டிட்டா பயமில்ல. கல்லு தெறிச்சாலும் கோடு விழாது. முதல்ல அத ஒட்டுவோம், அப்புறம் நீ தாராளமா எடுத்துட்டுப் போ" என்றார். தாராளமாம்! இருந்தாலும் அக்கா முகம் மலர்ந்தது. மேலாளரிடம் மாதக் கடைசிவரை தவணை கேட்டு வாங்கினாள்.

ஃபிலிம் ஒட்டும் கடையில் தேதி கொடுத்தார்கள். "வாக்ஸ் எதுவும் போடாம, சும்மா அப்படியே கொண்டு வாங்க" என்றார்கள். இது பாலிஷுக்குப் பொறுக்கவில்லை. தன் காரை நாலு பேர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கப் போகிறார்கள், அது மங்கலாக நிற்பதா? முதல் நாள் ஞாயிறு. நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனுஷன் வாக்ஸை ஒன்றுக்கு இரண்டு தடவை பூசித் தேய்த்தார். கதவு இடுக்குகளில் விரலை விட்டு விட்டுப் பூசினார். "கடையில வேண்டாம்னு சொன்னாங்களே மாமா?" என்று மேலேயிருந்து கேட்டேன். "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் அக்காவும் நானும் கூடப் போனோம். தூசி பறக்காமல் இருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஃபிலிம் ஒட்டுகிறவர் கையில் வாட்ச் இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை, பெயிண்டில் உரசிவிடுமாம். பானெட்டை விரலால் தடவிப் பார்த்து, "வாக்ஸ் போட்டீங்களா சார்?" என்றார்.

"இல்லையே" என்றார் பாலிஷ். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தினமும் பத்துப் புளுகனைப் பிடிக்கிறவருக்கு அந்த வித்தையெல்லாம் பழக்கம்தானே.

ஒட்டுகிறவர் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். தண்ணீர் பீய்ச்சி, கண்ணாடி போன்ற அந்த ஃபிலிமைப் பரப்பி, ரப்பர் பட்டையால் உள்ளே இருந்த தண்ணீரைத் தள்ளித் தள்ளி எடுத்தார். ஓரங்களைச் சூடு காட்டி உள்பக்கமாக மடித்தார். முடிந்தபோது ஒட்டியதே தெரியவில்லை. அக்கா பக்கவாட்டுக் கதவில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தாள். "ஒரு வாரம் காயட்டும், அப்புறம் எடு" என்றார் பாலிஷ்.

அந்த வாரம் முடியுமுன்னே ஓரங்கள் எழும்பிவிட்டன. கதவு விளிம்பு, பானெட்டின் முன்பக்கம், சக்கரத்துக்கு மேல் வளைவு, எல்லா இடத்திலும் ஃபிலிம் பிரிந்து உள்ளே காற்றுக் குமிழி. பாலிஷ் குதித்த குதி இருக்கிறதே! எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓட்டினார். நாங்கள் எதற்கு? சாட்சிக்காம்.

கடைக்காரரிடம் ஆபீஸ் குரலில் பேசினார். "நான் இந்த லைன்லதான் இருக்கேன். வேலை தெரியாத ஆளை வெச்சு ஒட்டியிருக்கீங்க. எழுதிக் கொடுத்தேன்னா உங்க கடை பேரு நாறிடும்." கடைக்காரர் பயந்துபோனார். அந்தப் பயத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே. ஒட்டியவரைக் கூப்பிட்டார். "வாக்ஸ் இருந்தா ஃபிலிம் பிடிக்காதுண்ணே, இப்படித்தான் பிரிஞ்சிரும், நான் கேட்டேன், போடலைன்னு சொன்னாரு" என்றார் அவர்.

"சார் பொய் சொல்றாருங்கிறியா? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். கிளம்பு."

அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாற்ற உள்ளே போகத் திரும்பினார். பாலிஷ் என்ன செய்தார் தெரியுமா? கூரையைப் பார்த்தார். டியூப்லைட்டை எண்ணுகிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவரு வேலையில ஒரு குத்தமும் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை இவருதான் ரெண்டு தடவை வாக்ஸ் போட்டாரு. துணியத் துவைச்சது நான்தான்."

அதைச் சொன்னால் தனக்கு என்ன போகும் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். என் அக்காவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. ஒட்டியவர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். கடைக்காரர் அவரைப் பார்த்து, "சரி சரி, போய் வேலையப் பாரு" என்று முணுமுணுத்தார். ஃபிலிமை முழுக்க உரித்து, சுத்தம் செய்து, புதிதாகத்தான் ஒட்ட வேண்டும். அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது என்றார்.

திரும்பி வந்து, வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு பாலிஷ் சொன்னார்: "அடுத்தவங்க முன்னாடி புருஷன அசிங்கப்படுத்துற அளவுக்கு வந்தாச்சு. சரி, ஃபிலிம் திரும்ப ஒட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நாளைக்குத்தாங்க கடைசி நாள்" என்றாள் அக்கா.

"அதான் பாக்கலாம்னேனே."

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் கீழே இன்ஜின் சத்தம். நான் பால்கனிக்கு ஓடினேன். அக்கா டிரைவர் சீட்டில், மடியில் பை, தலை வாரி, நெற்றி வியர்த்து. பாலிஷ் பனியனோடு வெளியே ஓடிவந்தார். மனைவி இருட்டு பிரியாத நேரத்தில், பழக்கமில்லாத சாலையில் தனியாகப் போகிறாளே என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதும் கையை நான் வெட்டிக்கொண்டிருப்பேன். அவர் கத்தியது இது: "ஏய், ஓரம் தூக்கிட்டு நிக்குது! காத்து புகுந்தா மொத்தமும் பிச்சுக்கும்!"

அக்கா கண்ணாடியை ஏற்றினாள். ஒருமுறை வண்டி இடறி நின்றது. மறுபடி கிளப்பி, வளைத்து, தெருவுக்குள் இறக்கி, போய்விட்டாள்.

பாலிஷ் அன்றைக்கு லீவு போட்டார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆறவிட்டார். மதியம் அக்கா வந்தாள். கேட்டை ஒட்டி, ஒரு கோடு போடாமல் நிறுத்தினாள். பானெட்டில் ஃபிலிம் பாதிவரை பிரிந்து, கண்ணாடிமேல் மடங்கிக் கிடந்தது. நான் படியிறங்கி வருவதற்குள் பாலிஷ் காரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். குனிந்து பம்பரைப் பார்த்தார். மண்டியிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார். அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள், கண்ணெல்லாம் சிரிப்பு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உதடு துடிக்கிறது.

"எவ்வளவு ஸ்பீடுல போன?" என்று கேட்டார் அவர், பம்பரிடம்.

"ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா.

"கேட்டதுக்கு பதில் சொல்லு. எவ்வளவு ஸ்பீடு? இது மொத்தமும் போச்சே!"

அக்கா முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. பானெட் பக்கம் போய், மடங்கிக் கிடந்த ஃபிலிமை இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் நடந்தபடியே இழுத்தாள். சர்ரென்று நீளமாக ஒரு சத்தம். பானெட் ஃபிலிம் முழுசும் ஒரே உரியில் வந்துவிட்டது. அதை அவர் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. இத நீங்க வெச்சுக்கோங்க. வண்டி எனக்கு வேணும்."

சாவியோடு உள்ளே போய்விட்டாள். பாலிஷ் அந்த ஃபிலிமை உதறப் பார்த்தார். அது பனியனில் ஒட்டியது. பனியனிலிருந்து பிய்த்தார், முழங்கையில் ஒட்டியது. அவர்மேல்தான் வாக்ஸ் இல்லையே, நன்றாகவே ஒட்டியது.