பங்குனித் திங்களன்று நான் சொன்ன ‘ஓம்’

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில், ஜெர்மனியில் ஹம் நகரில் நாங்கள் இருக்கும் நாலாம் மாடி வீட்டில் நடந்தது இது. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு அப்போது நாற்பது வயது. முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணம் சரிவராமல் பிரிந்து எட்டு வருடம். பிரிந்து வந்த அந்த வருடமே ஒரு பாம்பை வாங்கி வந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கும் ஆண் பாம்பு. விஷம் இல்லை. இந்த நாட்டில் நாய், பூனை போலப் பாம்பும் வளர்க்கிறார்கள். வேலையால் வந்ததும் அதைக் கையில் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பாள். எனக்கென்றால் அந்த அறை வாசலைத் தாண்டவே கால் வராது. சொந்தக்காரர் வருவதும் குறைந்து போனது. ஒருநாள் கோவில் வாசலில் வைத்து எனக்குத் தங்கை முறையான ஒருத்தி, “என்னக்கா, மருமோன் போன இடத்துக்குப் பாம்பு வந்திருக்காம்” என்று சிரித்தாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

பிறகு மகள் ஒரு பெண் குட்டியையும் வாங்கி, வேறு கண்ணாடிப் பெட்டியில் மூன்று வருடம் வளர்த்தாள். இரண்டையும் சேர்த்து முட்டை இட வைத்து, குஞ்சு பொரிக்கப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கும் இதுதான் முதல் தடவை. மார்கழியில் இருந்து இரண்டு மாதத்துக்கு மேல் அவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில், கெல்லர் என்று சொல்லும் நிலக்கீழ் அறையில், சாப்பாடே இல்லாமல் குளிரில் வைத்திருந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

“அவையளுக்குக் குளிர் படவேணும் அம்மா. குளிர் கண்டு பிறகு சூடு கண்டால்தான் கலியாண நினைப்பே வரும்” என்றாள்.

மாசியில் மேலே கொண்டுவந்து விளக்குச் சூட்டில் வைத்தாள். பெண் பாம்புக்கு அடிக்கடி எலி கொடுத்தாள். கடையில் உறைய வைத்து விற்கும் வெள்ளை எலி. அறைக் கதவில் ஒரு நாட்காட்டி தொங்கும். சாப்பிட்ட நாள், தோல் கழற்றிய நாள் எல்லாம் அதில் எழுதுவாள். பேனையைக் காதில் செருகிக்கொண்டு அந்த நாட்காட்டியின் முன்னால் நிற்கிற நேரம் அவள் முகம் பள்ளிக்கூடம் போன காலத்து முகம் போல இருக்கும்.

அந்த நேரம் பார்த்து டோர்ட்முண்டில் அவளுக்கு மூன்று நாள் வேலைப் பயிற்சி வந்தது. பெண் பாம்பு தோல் கழற்றும் தறுவாயில் இருந்தது. கழற்றி முடிக்கும்வரை சாப்பிடாதாம். முடித்ததும் இரண்டு எலி கொடுத்து, நாலு நாள் விட்டு ஆணிடம் விட வேண்டுமாம்.

“திங்கள் காலமை, தோல் கழட்டியிருந்தால், ஐஸ்கிறீம் டப்பாக்குள்ள இருந்து ரெண்டு எலியை எடுத்து வெளியில வையுங்கோ. குளிர் விட்டாப் பிறகு, கண்ணாடியை நாலு விரல் தள்ளி, தட்டை உள்ள விட்டால் போதும்” என்றாள். போகும்போது கதவில் நின்று, “மறந்திடாதேங்கோ. பசியோட இவளை அவனிட்ட விட ஏலாது. மாப்பிள்ளை மிஞ்சான்” என்று சிரித்தாள். தன் கலியாணத்தைத்தான் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்து நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

அந்தத் திங்கள் பங்குனித் திங்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அம்மனுக்குப் பிடிக்கிற விரதம். ஞாயிறே குசினியைக் கழுவி, மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டிகளை ஒதுக்கிவிட்டேன். காலையில் தோய்ந்து, விளக்கு வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பாம்பு தோலைக் கழற்றிவிட்டிருந்தது. வந்து பிரிட்ஜின் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். தேங்காய்ப்பூப் பைக்குப் பக்கத்தில் அந்த டப்பா. உள்ளே எலிகள், சின்ன ரோசாக் கால்களோடு. மூடிவிட்டேன். பிறகும் ஒருதரம் திறந்து மூடினேன். விரத நாளில் செத்த உடலைத் தொட்டு, அம்மனுக்குப் பொங்குகிற குசினியில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் மகள் தொலைபேசியில் வந்தாள்.

“தோல் கழட்டிட்டாளோ?”

“ஓம் பிள்ளை.”

“சாப்பிட்டவளோ?”

மாட்டேன், முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழகாத வாய். “ஓம்” என்றேன்.

“ரெண்டையுமோ?”

“ஓம், ரெண்டையும்.”

அவளுக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த நாள் கொடுத்துவிடலாம் என்று என்னை நானே தேற்றினேன். செவ்வாயும் அம்மனுக்கு உரிய நாள். புதன் விடிந்தபோது அந்தக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கவே பயம் பிடித்துவிட்டது. டப்பாவில் எண்ணிக்கை பிழைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று இரண்டு எலியையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன். புதன் மாலை வந்தவள் நாட்காட்டியில் திங்கள் கட்டத்தில் ‘இரண்டு எலி’ என்று எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. பின்னேரம் பெண் பாம்பைத் தூக்கி ஆணின் பெட்டிக்குள் விட்டாள். ஆண் பாம்பு பின்னாலேயே போய், அதன் முதுகில் தாடையை வைத்து, நடுங்கி நடுங்கி ஊர்ந்தது. மகள் மூச்சு விடாமல் பார்த்திருந்தாள். அப்போது கீழே மணி அடித்தது. குஞ்சு பொரிக்கும் சூட்டுப் பெட்டி பார்சலில் வந்திருந்தது. லிப்ட் பழுது. பார்சல்காரர் மேலே ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

“அஞ்சு நிமிசம் அம்மா. வாசல்ல நிண்டு பாருங்கோ. கடிபட்டால் கூப்பிடுங்கோ” என்று ஓடினாள்.

நான் வாசலில் நின்றேன். இரண்டும் ஒன்றோடொன்று சுற்றத் தொடங்கின. எங்கள் ஊரில் பாம்புகள் பிணைந்திருப்பதைக் கண்டால் மேலே வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு விலகிப் போவார்கள். பிறகு அந்தத் துணியை எடுத்துப் பெட்டகத்தில் வைத்தால் வீட்டுக்கு நல்லது நடக்கும் என்பார்கள். எனக்கு மகளின் நினைப்புத்தான். காவல் நிற்கச் சொன்னதை விட்டுவிட்டு உள்ளே போய், அலுமாரியில் இருந்து காலமான என் கணவரின் வெள்ளை வேட்டியைத் தேடி எடுத்து வந்தேன். அதைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, “என்ரை பிள்ளைக்கு ஒரு வழி காட்டு தாயே” என்று கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது பெண்ணின் வாய் ஆணின் முகத்தோடு ஒட்டியிருந்தது. கொஞ்சுகிறதாக்கும் என்றுதான் நினைத்தேன். ஆண் பாம்புக்குத் தலைக்குப் பின்னால் அகலமான ஒரு வெள்ளை வளையம் உண்டு. அதைத் தேடினேன். காணவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அடுத்த வளையமும் மெல்ல உள்ளே போனது. ஆணின் வால் கண்ணாடியில் பட், பட் என்று அடித்தது.

அவள் அவனை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

‘மாப்பிள்ளை மிஞ்சான்’ என்று மகள் சொன்னது பகிடி இல்லை, பசித்தால் பாம்பையே தின்கிற சாதி இது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எப்படியோ படி வாசலுக்குப் போய், “பிள்ளை” என்று கத்தினேன். எழுபது வயதில் நான் போட்ட முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும். மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. மகள் பார்சலைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இரண்டையும் ஒரே முடிச்சாகத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, குளிர்தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தாள். பெண் விடவில்லை. இன்னும் இறுக்கியது.

“நான் தலையைப் பிடிக்கிறன். நீங்கள் வாலில இருந்து கழட்டுங்கோ.”

“என்னால ஏலாது பிள்ளை.”

“அம்மா” என்றாள். அவ்வளவுதான்.

வேட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தேன். முறுக்கிய கயிறு போல இருந்தது. ஒரு சுற்றைக் கழற்றினால் மறு சுற்று என் மணிக்கட்டில் விழுந்தது. முழங்காலில் நின்று, தண்ணீரில் நனைந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மகள், வேலைக்குக் கொண்டுபோகும் கை சுத்தப்படுத்தும் மருந்தைப் பஞ்சில் தொட்டு, பெண்ணின் வாய் ஓரத்தில் வைத்தாள். அந்தக் காரத்துக்குத்தான் அது வாயைத் திறந்தது.

ஆணின் தலை சப்பையாகி வெளியே வந்தது. மகளின் கையில் துணி போலத் தொங்கியது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கடைசியில் நாக்கு மெல்ல வெளியே வந்து போனது. மகள் ஈரத் தரையில் இருந்து அழுதாள்.

“ரெண்டு எலி சாப்பிட்டவளம்மா. எங்கையோ நான்தான் பிழை விட்டிட்டன். எட்டு வருசம் என்னோட இருந்தவனை நானே கொல்லப் பாத்திட்டன்.”

அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் நான் மனிசியில்லை. “அவள் சாப்பிடேல்லைப் பிள்ளை” என்றேன். “விரதமெண்டு எலியைத் தொட மனம் வரேல்லை. குப்பையில போட்டிட்டன். உனக்குப் பொய் சொன்னனான்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

“ஏலாதெண்டு போனில சொல்லியிருக்கலாமே அம்மா. புதன் வந்து நானே குடுத்திருப்பன். ஒரு ரெண்டு நாள் பிந்தியிருக்கும். வேற என்ன?”

எழுந்து போய் நாட்காட்டியில் ‘இரண்டு எலி’ என்பதை ஒரு கோடு போட்டு வெட்டினாள். அந்தக் கோடு போட்ட சத்தம் குளியலறை வரைக்கும் கேட்டது.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். ஆண் பாம்பு பிழைத்தது, ஒரு கண் போய்விட்டது. மகள் இரண்டு நாள் தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலையால் வந்து, “தோசை மா இருக்கோ?” என்று கேட்டாள். மா இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வாங்கத்தான் வாய் உன்னியது. “இல்லைப் பிள்ளை” என்றேன்.

காயம் ஆறிய பிறகு, சித்திரை முடிகிற நேரம், இன்னொரு முறை முயன்றாள். அந்தத் தடவை பெண் பாம்புக்கு எலி கொடுத்தது நான், ஒரு புதன்கிழமை, என் கையால். சாப்பிட்டு முடிக்கும்வரை முன்னாலேயே இருந்தேன். அவற்றைச் சேர்த்து விட்ட அன்று இருவரும் கதிரை போட்டு உட்கார்ந்து, மணி அடித்தும் எழும்பவில்லை. இரண்டும் அமைதியாகப் பிணைந்தபோது மகள் என் பக்கம் திரும்பி, “வேட்டியைக் கொண்டு வாங்கோ அம்மா” என்றாள். தோய்த்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டேன். ஆவணியில் ஆறு குஞ்சுகள் வந்தன.

இப்போதும் பங்குனித் திங்களுக்கு முதல் நாள், “நாளைக்கு எலி குடுக்க ஏலுமோ, ஏலாதோ?” என்று மகள் கேட்பாள், அந்த ஒற்றைக் கண் பாம்பு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, “ஏலாது” என்று வாய் திறந்து சொல்கிற அந்த நேரத்தில்தான் என் விரதம் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.