முழங்கால் தண்ணீர்

இதைப் படித்துவிட்டு, 'வெயிலில் கண் கூசியிருக்கும்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அன்று வெயிலே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2001 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, தொம்மலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஆம்ப்ரோஸ் என் ஆபீசில் கூட வேலை பார்ப்பவன். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. தார் ரோட்டை விட்டு இறங்கி, மண் பாதையிலேயே நாள் முழுக்கச் சுற்றுவதில் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம்.

ஆபீசில் இன்னும் சிலர் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். ஒருவரும் சேற்றில் வண்டி இறக்கியதில்லை. மேடு பள்ளம் அதிகமில்லாத, மாட்டிக்கொண்டால் குரல் கொடுத்து ஆள் கூப்பிடக்கூடிய, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற பாதையாக வேண்டும். அதைத் தேடித்தான் நாங்கள் இரண்டு பேர் மட்டும், பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் போனோம்.

முதல் பாதை கல் குவாரியில் போய் முடிந்தது. அடுத்ததில் கம்பி வேலி. சாயங்காலம்தான் அந்தத் தைலமரத் தோப்பு கண்ணில் பட்டது. நடுவில் செம்மண் பாதை, ஒரு கல்கூட இல்லாமல்.

"இதான் மச்சி. புதுசா ஓட்டுறவன்கூட கண்ண மூடிட்டு ஓட்டுவான்" என்றான் ஆம்ப்ரோஸ்.

எனக்கு மட்டும் தோப்புக்குள் நுழைந்ததிலிருந்தே இருப்பு கொள்ளவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி பார்த்தேன். ஏன் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

தோப்பு முடிந்த இடத்தில் பாதை ஏரித் தண்ணீருக்குள் இறங்கியது. எதிர்க் கரையில் மறுபடி ஏறியது. நடுவில் கலங்கிய தண்ணீர். ஆழம் தெரியவில்லை.

இப்படி வந்தால் ஒருவர் இறங்கி, கம்பால் ஆழம் பார்த்தபடி முன்னால் நடப்பார். இன்னொருவர் பின்னாலேயே வண்டியை ஓட்டுவார். அதுதான் எங்கள் பழக்கம்.

"நீ ஓட்டு சீனு. நான் ஒரு கம்பு ஒடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் தோப்புக்குள் போனான்.

நான் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தேன். வாட்ச்சைப் பார்த்தேன். ஐந்தே கால்.

தலையை நிமிர்த்தினேன்.

ஆம்ப்ரோஸ் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். முழங்கால் ஆழம். அதே சிவப்பு டி-ஷர்ட். எப்போது என்னைத் தாண்டிப் போனான்? கையில் கம்பு இல்லை. இரண்டு கையாலும் 'வா, வா' என்று கூப்பிட்டான்.

ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரில் இறக்கினேன்.

என்னைப் பார்த்தபடியே அவன் பின்னோக்கி நடந்தான். இன்னும் உள்ளே. இன்னும் உள்ளே... அப்போதும் முழங்கால்தான்.

வழி காட்டும்போது ஆம்ப்ரோஸ் வாயை மூடவே மாட்டான். "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று கத்திக்கொண்டே இருப்பான்.

அன்று ஒரு வார்த்தை இல்லை.

"எவ்ளோ ஆழம்டா?"

சிரித்தான். கையை ஆட்டினான்.

என் கால் ஜில்லென்றது. ஜீப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அவனுக்கு இன்னும் முழங்கால்தான்.

ஜீப் கிளப்பிய அலை அவனிடம் போனது. அவனைச் சுற்றித் தண்ணீர் அசையவே இல்லை...

"சீனூ! நிறுத்துடா! எங்கடா போற?"

ஆம்ப்ரோஸ் குரல்.

பின்னாலிருந்து.

கண்ணாடியில் பார்த்தேன். தோப்பிலிருந்து ஓடி வருகிறான். கையில் கம்பு.

முன்னால் பார்த்தேன்.

அங்கேயும் அவன்.

பிரேக்கை மிதித்தேன். என்ஜின் அணைந்தது. கண் இமைத்தேன்.

வெறும் தண்ணீர்.

எங்கள் கூச்சலைக் கேட்டு, பக்கத்து நிலத்தில் உழுதுகொண்டிருந்த கோவிந்தப்பா என்பவர் டிராக்டரோடு வந்தார். சங்கிலி கட்டி ஜீப்பை வெளியே இழுத்தார். பிறகு ஒரு நீள மூங்கிலை எடுத்துப்போய், ஜீப் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊன்றினார். முழு மூங்கிலும் உள்ளே போனது.

"செங்கச் சூளைக்கு மண்ணு எடுத்த குழி சார். லாரியே முழுகிப்போகும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "முன்னால யாராச்சும் கூப்ட்டாங்களா?"

நான் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன வருசமும் ஒரு ஜீப் வந்துச்சு. கரையில நின்ன கூட்டாளி கத்து கத்துன்னு கத்துனாரு. ஓட்டினவரு திரும்பியே பாக்கல. முன்னால பாத்து தலையாட்டிக்கிட்டே போனாராம்." சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசில் பாதை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டோம். ஆம்ப்ரோஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள், கேன்டீனில், தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒரு கம்பு ஒடிக்க அவ்ளோ நேரம் ஆகுமா மச்சி? நீ ஏன்னு கேக்கவே இல்லயே."

"ஏன்?"

"தோப்புக்குள்ள நீ நின்னுட்டிருந்த. கைய காட்டி 'வா'ன்ன. நானும் வந்துட்டே இருந்தேன்... அப்பதான் பின்னால ஜீப் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டுச்சு. சீனு இங்க நிக்கிறானே, அங்க ஓட்டுறது யாருன்னு அப்படியே நின்னுட்டேன்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"கீழ பாத்தேன். கெணறு. சுத்துச் சுவரே இல்ல. என் கால் விளிம்புல இருக்கு..."

"நான்?"

"நீ கெணத்து நடுவுல, அந்தரத்துல நின்னு கூப்ட்டுட்டிருந்த."