அவள் சொல்லவே இல்லை என்றேன்

என் மகளின் இடது காது கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதையாவது கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது... அந்தப் பழியைத் தூக்கி ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தேன்!

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது என்மேல் உங்களுக்கு இரக்கம் வரக்கூடும். வர வேண்டாம்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லாரியின் ஓட்டுநர். வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் நானும் எங்கள் ஒரே மகள் கோமதியும்தான். கோமு என்று கூப்பிடுவோம். நான் சொல்லப்போவது நடந்து ஐந்தாண்டு ஆகிறது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

அலுவலகத்தில் யாரும் என்னிடம் ஒரு கருத்தும் கேட்டதில்லை. இதை அடி, அதை அடி என்பதோடு சரி. வீட்டுக்கு வந்தால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று நினைத்து நினைத்து மருகினேன். ஒரு பிள்ளை வீடு நிறையப் பேசிக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தது. அவளை நான் ஆளாகவே எண்ணவில்லை!

கைப்பேசியில்தான் அந்தக் குடும்பம் எனக்குப் பழக்கமானது. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள். கணவன், மனைவி, இரட்டை ஆண் குழந்தைகள். பல் தேய்ப்பது முதல் கடைக்குப் போவதுவரை எல்லாவற்றையும் படம் பிடித்துப் போடுவார்கள். இளையவனுக்கு இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று அந்தத் தாய் ஒருநாள் அழுதாள். நானும் அழுதேன். ஆறுதலாக நாலு வரி எழுதினேன். அவள் அதற்கு ஒரு இதயக் குறி போட்டாள். அவ்வளவுதான்... விழுந்துவிட்டேன்.

அவர்களை நேசிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. சேர்ந்தேன். சில மாதங்களில் அதற்கு அட்மினும் ஆனேன். ‘அக்கா, நீங்க சொன்னா சரிதான்’ என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். என் வாழ்நாளில் யார் என்னிடம் அப்படிச் சொன்னார்கள்? நகரப் பேருந்தில் நின்றுகொண்டே பதில் எழுதினேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்க எழுதினேன். அந்தக் குழந்தையைப் பற்றி எவராவது ஒரு சொல் தவறாகப் பேசினால் மல்லுக்கு நின்றேன்.

அந்தக் குழந்தைக்கு இன்று காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை வாய் கஞ்சி குடித்தான்... கேளுங்கள், அன்று எல்லாம் எனக்குத் தெரியும்!

கோடை விடுமுறையில் முக்கூடலுக்குப் போயிருந்தோம். அங்கே என் மதினி, என் கணவரின் அக்கா, இருக்கிறாள். கோமு ஆற்றில் ஆட்டம் போட்டாள். திரும்பி வந்ததும் சளி பிடித்தது. சளி போயிற்று. காது வலி போகவில்லை.

ஒரு சாயங்காலம், நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“யம்மா, காது வலிக்கு.”

“ம்ம்.”

“யம்மா... உள்ளுக்குள்ள என்னமோ ஙொய்யுன்னு கேக்கு.”

“ஏட்டி, செத்த பொறு. இந்தா வந்துட்டேன்.”

நான் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பைய நகர்ந்து போனாள். அவள் போனதைக்கூட நான் பார்க்கவில்லை. கைப்பேசித் திரைமேல் விழுந்திருந்த நிழல் விலகியது, அவ்வளவுதான்.

ஒருமுறைதான் சொன்னாளா? இல்லை! சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னாள். சடை பின்னும்போது சொன்னாள். “தைலம் போட்டா சரியாப் போவும்” என்று ஒருநாள் சொன்னேன். அந்தத் தைலத்தையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

தலையணை உறையில் மஞ்சளாகக் கறை இருந்தது. எச்சில் என்று நினைத்தேனா? அல்லது, எச்சில் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்ததா? உறையைத் திருப்பிப் போட்டேன். துவைக்கக்கூட இல்லை... திருப்பித்தான் போட்டேன்.

பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். விளக்குத் திரி போட வைத்திருந்த பஞ்சைப் பிய்த்துத் தானே காதில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தேன். விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். என் காணொளி கேட்கவில்லை என்று ஒருநாள் எரிச்சலில் கத்தினேன்.

“ஏட்டி, ஒனக்கு என்ன காது செவிடா?”

இந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. என் வாயிலிருந்துதான்!

வகுப்பாசிரியை கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார்: ‘கோமதி கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனிக்கவும்.’ இரண்டு கைகூப்பும் படங்களைப் பதிலாக அனுப்பிவிட்டு, அடுத்த கணமே குழுவுக்குத் திரும்பினேன். அன்று இரட்டையரில் இளையவனுக்கு அறுவை சிகிச்சை. நூற்றுக்கணக்கானவர்கள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தோம்.

மாதங்கள் ஓடின. முக்கூடலில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். மத்தியானக் கொடை. மேளமும் உருமியும் பந்தலையே உலுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் உள்ளவரிடம் பேசக் கத்த வேண்டும். கோமு தன் அத்தையின் மடியில் வலது காதை அழுத்திப் படுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் பந்தல் காலில் சாய்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேளக்காரர்கள் அவள் தலைமாட்டுக்கே வந்துவிட்டார்கள். அவள் இமைகூட அசையவில்லை. மதினி குனிந்தாள். மூக்கைச் சுளித்தாள். இடது காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கினாள். அது பச்சையாக இருந்தது.

“ஏளா லட்சுமி! பிள்ளைக்குக் காதுல என்ன இப்படி நாறுது? நீ வீட்டுல இருக்கியா, இல்ல வேற எங்கயும் இருக்கியா?”

மதினி வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. கைப்பேசியை இடுப்பில் செருகினேன்.

மறுநாளே மருத்துவமனை. தகவல் கேட்டு என் கணவர் லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருந்தார். காது மருத்துவரின் அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். கோமு உயரமான நாற்காலியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் விளக்கை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

“செவிப்பறை போயிருச்சு. உள்ளே எலும்பை அரிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும், விட்டா மூளைக்குப் போயிரும். ஆனா இந்தக் காதுல கேட்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இது ஒரு நாள்ல வந்ததில்லம்மா. பல மாசமா இருந்திருக்கு. வலி உயிர் போயிருக்கும். குழந்தை உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கணம் இருந்தது... உங்களுக்குப் புரிகிறதா? வாயைத் திறந்து ‘சொன்னாள், நான்தான் கேட்கவில்லை’ என்று சொல்ல ஒரு கணம் முழுதாக இருந்தது! தவறிப்போய் வந்த சொல் இல்லை. யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன்.

“சொல்லவே இல்ல டாக்டர்.”

கோமு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஏதோ கணக்கு ஒன்று புரியாதபோது விழிப்பாளே, அப்படித்தான் விழித்தாள்.

என் கணவர் அவள் முன்னால் மண்டியிட்டார். “ஏம்மா, அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? வலிச்சா சொல்லணும்லா தங்கம்?”

அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“மறந்துட்டேம்ப்பா.”

மறந்துவிட்டாளாம்! ஏழு வயது. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்?

அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. இடது காது போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதும் என் கை கைப்பேசிக்குப் போனது. ‘என் மகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று குழுவில் எழுதினேன். கைகூப்பும் படங்கள் மழையாகக் கொட்டின. ‘உங்களைப் போல ஒரு தாய்க்கா இந்தச் சோதனை அக்கா’ என்று ஒருத்தி எழுதினாள். அதைப் படித்து எனக்கு ஆறுதலாக இருந்தது... ஆம், ஆறுதலாக இருந்தது! இதைவிடக் கீழே நான் எங்கே இறங்க முடியும்?

பிறகு குழுவிலிருந்து விலகினேன். ஓரிரு நாள் தேடினார்கள். வேறொருத்தி அட்மின் ஆனாள். செயலிகளை அழித்தேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி அழித்தேன். இன்றுவரை அந்தப் போராட்டம் தீரவில்லை. அதைச் சாதனையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பொய் மட்டும் வளர்ந்தது. வீட்டில் யார் விசாரித்தாலும் என் கணவர் வருத்தத்தோடு சொல்வார்: “இவ எதையும் வாயத் திறந்து சொல்லவே மாட்டாவே... அதான் இப்படி ஆயிப்போச்சு.” பள்ளியில் கேட்டாலும் அதே பதில். கேட்டுக் கேட்டு அதுவே அவளுடைய குணம் என்று ஆகிவிட்டது. பேசிப் பேசி வீட்டை நிறைத்த பிள்ளை, உண்மையிலேயே சொல்லாத பிள்ளையாக மாறிப்போனாள். நான் ஒரு வாக்கியத்தில் செய்த வேலை இது!

போன மாதம் கோமு பெரியவளானாள். எனக்கு அது எப்படித் தெரியும் தெரியுமா? மதினி முக்கூடலிலிருந்து தொலைபேசியில் சொன்னாள்.

“ஏளா, பிள்ள ரெண்டு நாளா தனியாத் தவிச்சிருக்கா. இன்னைக்குத்தான் எனக்குப் போன் போட்டா. ‘அம்மாட்ட சொல்ல வேண்டியதானட்டி’ன்னு கேட்டேன். ‘அம்மா வேலையா இருப்பா அத்தை’ங்கா.”

அந்த இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். விடுமுறை நாட்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சடங்கன்று வீடு நிறைய ஆட்கள். மஞ்சள் பட்டில் அவளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். என் கணவர் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே, “பெத்தவட்டயே சொல்லலன்னா பாருங்களேன், எம்புள்ள அவ்வளவு அழுத்தம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வலப் பக்கம் நின்றவர்கள் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். அவளும் லேசாகச் சிரித்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்... இப்போதாவது சொல்... என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள். நான் குனிந்து அவள் கன்னத்தில் சந்தனம் பூசினேன்.

அன்று மருத்துவர் அறையில் நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறதா? தான் சொல்லவில்லை என்று அவளே நம்பிவிட்டாளா? அல்லது எல்லாம் தெரிந்து, இத்தனை ஆண்டுகளாக எனக்காக அந்தப் பொய்யைச் சுமக்கிறாளா? இவற்றில் எது கொடியது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துணிவும் இல்லை.

என் கணவரிடம் சொல்லவில்லை. மதினியிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது... தெரியாதவர்களிடம் மனதைக் கொட்டுவது எனக்கு எப்போதுமே எளிது.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து படிக்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது.